உப்புநீர்த் தூண்டிலும் உறுதியான ரீலும்

கடற்கரையை அடுத்த கிராமங்களில் நிலமுடையோர்க்கு உப்பின் குணத்தை ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. உவர்நீர்க் கிணற்றில் இறக்கிய இரும்புக் குழாய் சில ஆண்டுகளில் சல்லடையாகிவிடுவதையும், பம்பின் போல்ட்டுகள் ஸ்பானருக்கு அசையாமல் இறுகிப்போவதையும் அவர்கள் அடிக்கடி காண்கின்றனர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் ஜில்லாவின் வயல்களில் விட்டுச்சென்ற உப்பைக் கழுவி வெளியேற்ற எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதையும் அவர்கள் மறந்திரார். இத்துணை அனுபவமுள்ளவர்கள் தூண்டில் ரீல் வாங்கப் புறப்படும்போது மட்டும் அவ்வறிவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது வியப்புக்குரியது.

உப்பங்கழிகளிலும், மணற்கரைகளிலும், தூண்டில் வளைவுகளிலும் இப்பொழுது கைத்தூண்டிலோடு கோலும் ரீலும் காணப்படுகின்றன. சொந்தமாகப் படகு வைத்திருப்போரும், ஓய்வு நாளில் கரையில் நின்று தூண்டில் வீசும் இளைஞரும், வெளியூராரைப் படகில் அழைத்துச் செல்வோரும் இவற்றை வாங்குகின்றனர். கடைக்காரர் சொல்லும் பெயரையும், பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள பேரிங்குகளின் எண்ணிக்கையையும், விலையையும் மட்டும் பார்த்து வாங்கிய ரீல்களிற் பல, ஒரு பருவம் முடிவதற்குள் இறுகிப் பரணுக்குப் போய்விடுகின்றன. ரீலின் ஆயுளை நிர்ணயிப்பவை மூன்று. எவ்வகை மீன்பிடிப்புக்கு அது வாங்கப்படுகிறது என்பது ஒன்று. உப்பு படும் இடங்களில் எந்த உலோகம் அமைந்துள்ளது என்பது இரண்டாவது. வாங்கியவர் அதைத் திறந்து பழுதுபார்க்க இயலுமா என்பது மூன்றாவது. இம்மூன்றையும் விசாரியாமல் கொடுக்கும் பணம், விதையின் முளைப்புத்திறனை அறியாமல் நாற்றங்காலில் தெளித்த நெல்லுக்கு ஒப்பாகும்.

ரீல் வேண்டாத இடம்

முதலில் சொல்லவேண்டியது, எல்லாத் தூண்டிலுக்கும் ரீல் அவசியமன்று என்பதே. நங்கூரமிட்ட வள்ளத்திலிருந்து நேர் கீழே இரையை இறக்கிப் பிடிப்பதற்கு, கட்டையிற் சுற்றிய தங்கூஸ் நூலும், ஈயக்குண்டும், பழகிய கையும் போதும். அதில் துருப்பிடிக்கத் தக்கது தூண்டில் முள் ஒன்றே. பல தலைமுறைகளாக மீனவர்கள் இம்முறையினாலேயே களவாவையும் பிற பாறைமீன்களையும் பிடித்து வந்திருக்கின்றனர். கரையிலிருந்து தொலைவாக இரையை வீசவேண்டிய இடத்திலும், பொய்யிரையை விரைந்து இழுக்கவேண்டிய இடத்திலும், பெரிய மீன் நூறு, இருநூறு மீட்டர் நூலை இழுத்தோடும் இடத்திலுமே ரீலின் அனுகூலம் வெளிப்படும். அத்தகைய தேவையில்லாதவர் ரீலுக்குச் செலவிடாதிருத்தலே சிக்கனம்.

இருவகை ரீல்கள்

கடலில் வழங்கும் ரீல்களை இரு பெரும் பிரிவாகக் கொள்ளலாம். ஒன்று ஸ்பின்னிங் ரீல். இதில் நூல் சுற்றிய ஸ்பூல் சுழலாது நிற்க, வீசும்போது அதன் விளிம்பைத் தாண்டி நூல் வளையம் வளையமாகக் கழன்று செல்கிறது. இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரத்தின் துணி ஆலை அதிபரான ஆல்பிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் என்பவர், நூற்பாலையின் கதிரிலிருந்து இழை கழலும் விதத்தைக் கண்டு, 1905-ல் இவ்வகைக்குக் காப்புரிமை பெற்றார். இலேசான இரையையும் சிக்கலின்றித் தொலைவில் வீசலாம் என்பதும், புதிதாகப் பழகுவோர்க்கும் எளிது என்பதும் இதன் சிறப்பு.

மற்றொன்று மல்டிபிளையர் ரீல். இதில் ஸ்பூல் தானே சுழன்று நூலை விடவும் சுற்றவும் செய்கிறது. முற்காலத்தில் பெரிய மீன் ஓடும்போது கைப்பிடியும் எதிர்த்திசையில் வேகமாகச் சுழன்று பிடித்தவர் விரல்களை நொறுக்கிவிடும். தோல் துண்டொன்றை ஸ்பூலின்மேல் அழுத்தியே மீனை அடக்குவர். இத்துன்பத்தை நீக்கியது, கைப்பிடியின் அடியில் நட்சத்திர வடிவான சக்கரத்தைத் திருகி இறுக்கும் 'டிராக்' என்னும் தடையமைப்பு. வில்லியம் பாஷன் என்பவர், புரூக்ளினைச் சேர்ந்த ஜூலியஸ் வாம் ஹோஃப் செய்துகொடுத்த அத்தகைய ரீலைக் கொண்டு, 1913-ல் கலிபோர்னியாவின் காட்டலினா தீவையடுத்து 355 பவுண்டு, அதாவது சுமார் 161 கிலோ எடையுள்ள வாள்மீனைப் பிடித்தார். ரீலைக் கொண்டு பெருமீனை வெல்வது கையின் பலத்தாலன்று, டிராக்கின் ஒழுங்கால் என்பது அன்றே உறுதிப்பட்டது.

உப்பு செய்யும் வேலை

கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. நீர் உலர்ந்தபின் உப்பு ரீலினுள் தங்கிக் காற்றின் ஈரத்தை மீண்டும் மீண்டும் உறிஞ்சுகிறது. ஆகவே ரீல் வீட்டில் ஓய்ந்திருக்கும் நாட்களிலும் அரிப்பு ஓய்வதில்லை.

அலுமினியத்தையும் எவர்சில்வரையும் காப்பது அவற்றின் மேற்பரப்பில் இயற்கையாகப் படிந்துள்ள மெல்லிய ஆக்ஸைடு படலமாகும். உப்பிலுள்ள குளோரைடு இப்படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கிறது. 'எவர்சில்வர் துருப்பிடியாது' என்னும் நம்பிக்கை சமையலறைக்குப் பொருந்தும். கடலுக்கு முற்றும் பொருந்தாது. எவர்சில்வரிலும் 316 என்னும் தரம், மாலிப்டினம் கலந்திருப்பதால், 304 என்னும் சாதாரணத் தரத்தினும் கடல்நீரை நன்கு தாங்கும்.

இதனினும் கொடியது, இருவேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருப்பதால் விளையும் அரிப்பாகும். அலுமினிய உடலில் எவர்சில்வர் திருகாணி இருப்பின், உப்புநீர் இடையிற் புகுந்தவுடன் அவ்விரண்டும் ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியம் தேய்ந்து வெண்பொடியாக உதிரும். அப்பொடி திருகாணியைப் பூட்டிவிடுவதால் பிறகு அதைக் கழற்ற முயன்றால் தலை முறியும். மக்னீசிய உடல் மிக இலேசானது. ஆயினும் மேற்பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அலுமினியத்தினும் விரைவில் அரிக்கப்படும். கரியிழை கலந்த நைலான் போன்ற பிளாஸ்டிக் உடல் அரிக்கப்படுவதேயில்லை; அதன் குறை வேறு. பெரும் சுமையில் அது சற்றே வளைய, உள்ளிருக்கும் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பொருந்தாமல் தேய்ந்துபோகின்றன. எனவே சிறு மீனுக்குப் பிளாஸ்டிக் உடலும், பெருமீனுக்கு அனோடைசிங் செய்த அலுமினிய உடலும் ஏற்றவை. எல்லாவற்றிற்கும் ஒரே பொருள் என்பது இல்லை.

உள்ளே கவனிக்கவேண்டியது முக்கிய பல்சக்கரம். மலிவான ரீல்களில் இது துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்யப்படுகிறது. கடைந்தெடுத்த பித்தளையோ, வெண்கலமோ, எவர்சில்வரோ நெடுநாள் உழைக்கும். டிராக்கின் வில்லைகளும் அவ்வாறே. கம்பளி அழுத்தி ஆக்கிய வில்லை சிறு மீனுக்கு மிருதுவாக வேலை செய்யும். ஆனால் மீன் நெடுந்தூரம் ஓடுங்கால் எழும் சூட்டைக் கரியிழை வில்லையே தாங்கும்.

எந்த மீன்பிடிப்புக்கு எந்த ரீல்

உப்பங்கழியும் கழிமுகமும்: பழவேற்காடு, முட்டுக்காடு போன்ற இடங்களில் கொடுவாவுக்குத் தூண்டில் வீசுவோர்க்கு 2500 முதல் 4000 வரை அளவெண் கொண்ட ஸ்பின்னிங் ரீல் போதும். இங்கு இழுபடும் பலத்தைவிட, நாள் முழுவதும் வீசினாலும் கை சோராத இலேசான எடையே முக்கியம். நல்ல பிளாஸ்டிக் உடல் இங்கே தாழ்வன்று. அளவெண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறுபடுமாகையால், எண்ணை நம்பாமல் ஸ்பூல் எத்தனை மீட்டர் நூல் கொள்ளும் என்பதை விசாரித்தல் வேண்டும்.

மணற்கரை: அலைகளைத் தாண்டி ஈயத்தை வீசிக் கிழங்கான் முதலியவற்றைப் பிடிப்பதற்கு அகன்று நீண்ட ஸ்பூல் வேண்டும். நூல் எளிதிற் கழன்று சென்றால்தான் தூரம் கிடைக்கும். இங்கே உப்போடு மணலும் பகையாகும். அலை மோதி நனையும் ரீலுக்கு ரப்பர் வளையங்களால் மூடிய உடலே தகுந்தது. ரீலை மணலில் கிடத்தாமல், ஊன்றுகோலில் கோலை நிறுத்தும் ஒரு பழக்கமே பல ரீல்களைக் காப்பாற்றும்.

தூண்டில் வளைவும் பாறைக்கரையும்: பொய்யிரையை ஓயாது வீசி இழுத்துப் பாறை மீனைப் பிடிப்பதே ஸ்பின்னிங் ரீலுக்கு மிகக் கடினமான வேலை. மீன் கல்லிடுக்கை நாடி ஓடுமாதலால் அதை விரைவில் தடுத்து நிறுத்தவேண்டும். உலோக உடல், கடைந்தெடுத்த பல்சக்கரம், கரியிழை டிராக், தடித்த அச்சு ஆகியவை உள்ள 8000 முதல் 14000 வரையிலான அளவே இதற்கு ஏற்றது. சிக்கனம் செய்யத் தகாத இடம் இதுவே. உப்பங்கழிக்கு வாங்கிய ரீலை இங்கே கொண்டுவந்து உடைத்துவிட்டுக் கம்பெனியை நொந்துகொள்வதில் நியாயமில்லை.

ஓடும் படகு: வஞ்சிரம், சூரை, மயில்மீன் ஆகியவற்றுக்கு ஓடும் படகின் பின்னே பொய்யிரையை இழுத்துச் செல்வோர் மல்டிபிளையர் ரீலையே கொள்ளல் வேண்டும். வீசும் வேலை இல்லாமையால் ஸ்பின்னிங் ரீலின் சிறப்பு இங்கே பயன்படாது. நூல் ஸ்பூலின்மேல் நேராகச் சுற்றப்படுவதால் முறுக்கேறாது. பெருஞ்சுமையையும் ஸ்பூலின் இரு பக்கமும் தாங்கும். நூலைச் சமமாகப் பரப்பும் இயந்திரக்கையுள்ள ரீல் வசதியானதே. ஆயினும் உப்பில் முதலில் கெடும் உறுப்புகளுள் அதுவும் ஒன்று. பழகியவர்க்குக் கட்டைவிரலே அவ்வேலையைச் செய்யும்.

ஆழ்நீர்: ஆழத்திலிருந்து கனமான மீனைத் தூக்குவதற்குச் சுற்றுவேகம் குறைந்த ரீல் நன்று. டிராக்டர் முதல் கியரில் சேற்றுழவை இழுப்பதும், மேல் கியரில் சாலையில் ஓடுவதும் உழவர் அறிந்தவை. ரீலிலும் 4:1 என்னும் விகிதம் சுமைக்கும், 6:1 என்னும் விகிதம் வேகத்துக்கும் உரியது. வேகம் ஸ்பூலின் அகலத்தையும் பொறுத்தது. நூல் நிறைந்த நிலையில் 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்பூல், 5:1 விகிதத்தில் கைப்பிடியின் ஒரு சுற்றுக்குச் சுமார் 94 சென்டிமீட்டர் நூலைச் சுற்றும். 6:1 விகிதத்தில் சுமார் 113 சென்டிமீட்டர் சுற்றும்.

பெட்டியின்மேல் எழுதியிருப்பவை

பேரிங்குகள் அதிகமாயின் ரீல் உயர்ந்தது என்று எண்ணுவது தவறு. கடையில் சுற்றிப் பார்க்கும்போது காணும் மென்மையைப் பேரிங்குகள் தரலாம். ஆயின் ஒவ்வொன்றும் உப்பு புகுந்து இறுகக்கூடிய ஓர் இடமே. நன்கு காக்கப்பட்ட ஐந்து, காக்கப்படாத பன்னிரண்டினும் மேலானவை. பேரிங் எண்ணிக்கையைவிட, நூல் ஓடும் சிற்றுருளையைச் சோதிப்பது நன்று. நனைந்த நூல் ஓயாது அதன்மேல் ஓடுவதால் ஸ்பின்னிங் ரீலில் முதலில் இறுகுவது பெரும்பாலும் அதுவே. அது சுழலாது நின்றால் நூல் தேய்ந்து, நல்ல மீன் வரும் நாளில் அறுந்துபோகும்.

ஐ.பி.எக்ஸ் என்னும் குறியோடு வரும் எண் நீர் புகாமையைக் குறிப்பது. ஐ.பி.எக்ஸ் 5 என்பது நீர்ப்பீச்சையும், 6 என்பது அதனினும் வலிய நீர்ப்பீச்சையும், 8 என்பது நீரில் தொடர்ந்து மூழ்கியிருப்பதையும் தாங்குவதாகும். ஆயினும் இச்சோதனை புதிய கருவியில், நன்னீரில் செய்யப்படுவது. ரப்பர் வளையம் தேய்ந்தபின் அவ்வெண்ணுக்கு மதிப்பில்லை. அன்றியும், மூடிய உடலினுள் ஒருமுறை உப்புநீர் புகுந்துவிட்டால் அது வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி அரிக்கும். உடையவரும் அதை அறியார். மூடிய ரீல் வாங்குவோர் அதைக் குறித்த காலத்தில் திறந்து பார்க்க வகையுண்டா என்று முன்னரே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

இவ்விடத்தில் பழைய அனுபவம் ஒன்று கவனிக்கத்தக்கது. 1932-ல் பிலடெல்பியா நகரில் ஆட்டோ ஹென்ஸி நிறுவிய பென் கம்பெனி, 1936-ல் வெளியிட்ட செனட்டர் வகை மல்டிபிளையர், பல பத்தாண்டுகள் கடலோடிகளிடையே நிலைபெற்றது. அதன் அமைப்பு எளியது. திருகாணிகளைக் கழற்றினால் உறுப்புகள் எல்லாம் கைக்கு வரும். தேய்ந்த உறுப்பை மாற்றிப் பூட்டலாம். நெடுநாள் உழைக்கும் கருவி பெரும்பாலும் திறந்து மூடத்தக்க கருவியே என்பதை ஆயில் என்ஜின் வைத்திருக்கும் உழவர் எவரும் ஒப்புக்கொள்வர்.

செலவுக் கணக்கு

ரூ. 2,000 விலையுள்ள ரீல் ஓராண்டில் கெட்டு, ரூ. 8,000 விலையுள்ள ரீல் ஆண்டுக்கு ரூ. 400 பராமரிப்புச் செலவில் எட்டாண்டு உழைக்குமென்று வைத்துக்கொண்டால், முன்னதற்கு ஆண்டொன்றுக்கு ரூ. 2,000-மும், பின்னதற்கு ரூ. 1,400-மும் ஆகும். வாரந்தோறும் கடலுக்குச் செல்வோர்க்கு உயர்ந்த ரீலே மலிவு. ஆண்டில் நான்கு முறை மட்டும் தூண்டில் வீசுவோர்க்கு இக்கணக்கு பொருந்தாது; அவர் நடுத்தர ரீலை வாங்கி ஒழுங்காகக் கழுவி வைத்தாலே போதும்.

சங்கங்களின் பொருட்டோ, பொதுப் பணத்திலோ மீன்பிடிக் கருவிகள் வாங்கப்படும்போது சான்றளிக்கும் கிராம அதிகாரிகளும் இதைக் கவனித்தல் நலம். 'ரீல், எண்ணிக்கை பத்து' என்று மட்டும் எழுதி விலைப்புள்ளி கேட்டால், கடலுக்குத் தகாத நன்னீர் ரீலே மிகக் குறைந்த விலையில் வந்து சேரும். எவ்வகை மீன்பிடிப்பு, எந்த உலோகம், எத்தனை மீட்டர் நூல், உதிரி உறுப்புகள் கிடைக்குமா என்பவற்றை விலைப்புள்ளியிலேயே குறிப்பிட்டால், குறைந்த விலையைத் தெரிந்தெடுப்பதிலும் பிழை நேராது.

கழுவும் நீர்

எவ்வளவு உயர்ந்த ரீலும் கழுவப்படாவிடின் கெடும். கழுவும் முறை எளியது. டிராக்கை இறுக்கிவிட்டு, மழைத்தூறல் போல் மெதுவாக நன்னீரைத் தெளித்துத் துடைத்து, டிராக்கைத் தளர்த்தி, நிழலில் உலர்த்துதல் வேண்டும். குழாயை அழுத்திப் பீச்சினால் உப்பு வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளே செலுத்தப்படும். வாளியில் மூழ்க வைப்பதும் தகாது. பின்னல் நூல் உப்புநீரை நெடுநேரம் தேக்கி வைக்குமாதலால், ஸ்பூலைத் தனியே கழற்றி அலசுவது நன்று. டிராக் வில்லைகளில் மண்ணெண்ணெயும் கண்ட எண்ணெய்களும் படலாகாது.

கடற்கரைக் கிராமத்தார் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். கிணற்று நீர் உவராயின் அதனால் கழுவுவது உப்பை நீக்காது. உப்பின்மேல் உப்பைச் சேர்க்கும். குடிப்பதற்கு உகந்த நீரோ, சேமித்த மழைநீரோதான் ரீலுக்கும் உகந்தது. அரைக் குடம் நீர் போதும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

1. மீன்பிடிக்கும் இடத்தையும் மீனையும் முதலில் தீர்மானித்து, ரீலைப் பின்னர் தேடுக. கழிக்கும் ஆழ்கடலுக்கும் ஒரே ரீல் என்னும் எண்ணத்தைக் கைவிடுக.

2. உடல், முக்கிய பல்சக்கரம், டிராக் வில்லை ஆகிய மூன்றும் எப்பொருளாலானவை என்று கேட்டறிக. விடை சொல்லவியலாத கடையில் விலையுயர்ந்த ரீலை வாங்காதிருக்க.

3. நூலின் அறுபடும் பலத்தில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை டிராக்கை அமைக்க. 15 கிலோ தாங்கும் நூலுக்கு 4 முதல் 5 கிலோ வரை போதும். நூல் நுனியைச் சுருள்வில் தராசில் கட்டி இழுத்தால் அளவு தெரியும். 20 கிலோ டிராக் என்று பெட்டியில் எழுதியிருப்பதால் மட்டும் பயனில்லை.

4. கைப்பிடி பின்னோக்கிச் சுழலாது தடுக்கும் உருளைப் பூட்டு, உப்பாலோ கெட்டிக் கிரீஸாலோ வழுக்கக்கூடும். அதனோடு பல்லும் கொக்கியுமான இரண்டாவது தடையும் உள்ள ரீல் பெருமீனுக்கு நம்பத்தக்கது.

5. பின்னல் நூலை வெறும் ஸ்பூலில் கட்டினால் மொத்தமாக வழுக்கிச் சுழலும்; அடியில் சில சுற்று நைலான் நூல் சுற்றுக.

6. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக் காலமாகிய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாட்களில், படகோடு ரீலையும் திறந்து பழைய கிரீஸை நீக்கிப் புதியதிடுக.

ஏரின் கொழுவும், கிணற்றின் பம்பும், கடலின் ரீலும் ஒரே நியாயத்துக்கு உட்பட்டவை. வேலையை அறிந்து கருவியைத் தெரிந்தெடுப்பவருக்கு அது உழைக்கும். பெயரைக் கேட்டு வாங்குபவருக்கு அது செலவு வைக்கும். நிலத்தின் உப்பை வெல்லப் பழகிய கரையோர உழவர், அதே பொறுமையையும் விசாரணையையும் கடற்கருவியிலும் செலுத்துவாராயின், ஆண்டுதோறும் பரணுக்குப் போகும் பணம் அவர்கள் கையிலேயே நிற்கும்.